சதுரங்கப் பலகை நெல்: 18,446,744,073,709,551,615 பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பரந்தனுக்குக் கிட்ட ஒரு ஓலைக் கொட்டிலில் பத்தாம், பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக்கொடுக்கிறேன். தை அறுவடை முடிந்த கையோடு பெருக்கல் விருத்தி தொடங்கினேன். கரும்பலகையில் எழுதி அலுத்துப்போய், ஒரு பிள்ளையிடம் சதுரங்கப் பலகையும் இன்னொரு பிள்ளையிடம் வீட்டு நெல் ஒரு சுண்டும் கொண்டுவரச் சொன்னேன். முதல் கட்டத்தில் ஒரு நெல், அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் நான்கு, இப்படி ஒவ்வொரு கட்டத்திலும் முந்தியதன் இருமடங்கு. 64 கட்டமும் நிரம்ப எத்தனை நெல் வேண்டும்?

பதின்மூன்றாம் கட்டத்திலேயே சுண்டு காலி. மிச்சத்தைக் கொப்பியில்தான் செய்தோம். விடை மேலே தலைப்பில் இருக்கிற எண். பிள்ளைகள் அதை வீட்டுக்குக் கொண்டுபோக, தகப்பன்மாரும் அம்மம்மாமாரும் கேள்வி அனுப்பத் தொடங்கிவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி முடியவில்லை. அதனால் எல்லாவற்றையும் இங்கே போட்டிருக்கிறேன்.

இந்த எண்ணை எப்படி வாசிப்பது?

பாடப் புத்தக முறையில் 18,446,744 திரில்லியன், அதன்பின் 73,709 மில்லியன், அதன்பின் 551,615. சந்தைக் கணக்கில் வாசிக்க விரும்பினால், 1,84,467 கோடி கோடி, அதோடு 44,07,370 கோடி, அதோடு 95,51,615. இருபது இலக்கங்கள். இன்னொன்றையும் கவனியுங்கள். இரண்டை மட்டுமே பெருக்கிப் பெருக்கி வந்த எண் இது. ஆனால் இருபது இலக்கத்தில் ஓரிடத்திலும் 2 இல்லை. 0, 1, 3, 4, 5, 6, 7, 8, 9 எல்லாம் இருக்கின்றன. இதற்குப் பின்னால் காரணம் எதுவும் இல்லை, தற்செயல்தான். ஆனாலும் எட்டாம் வகுப்புத் தம்பி ஒருவன் இதைக் கண்டுபிடித்துச் சொன்னபோது எனக்கே புதிதாக இருந்தது.

கதை எங்கிருந்து வந்தது?

சதுரங்கத்தைக் கண்டுபிடித்த ஞானி அரசனிடம் இப்படித் தானியம் பரிசு கேட்டான் என்பது பழைய கதை. 13ஆம் நூற்றாண்டில் இப்னு கல்லிகான் எழுதி வைத்ததில் தானியம் கோதுமை. கேரளத்து அம்பலப்புழையில் கிருஷ்ணரே வந்து சதுரங்கம் ஆடி அரிசி கேட்டதாகச் சொல்கிறார்கள். அங்கே கோவிலில் பால்பாயசம் கொடுப்பதற்கும் அதைத்தான் காரணமாகச் சொல்வார்கள். நமக்கு நெல்.

மொத்தம் ஏன் 2⁶⁴ இல்லாமல் அதைவிட ஒன்று குறைவாக வருகிறது?

சூத்திரம் வேண்டாம், கடன் வாங்குங்கள். பக்கத்து வீட்டில் ஒரேயொரு நெல் கடன் வாங்கி முதல் கட்டத்து நெல்லோடு சேருங்கள். இப்போது கையில் 2. இரண்டாம் கட்டத்தில் இருப்பதும் 2, சேர்த்தால் 4. மூன்றாம் கட்டத்தில் இருப்பதும் 4, சேர்த்தால் 8. கையில் இருக்கும் குவியலும் அடுத்த கட்டத்துக் குவியலும் எப்போதும் சமமாகவே இருக்கும், அதனால் ஒவ்வொரு தடவையும் இருமடங்காகும். 64ஆம் கட்டத்தையும் சேர்த்தபின் கையில் சரியாக 2⁶⁴ இருக்கும். பிறகு கடனைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மிச்சம் 2⁶⁴ − 1.

இதே காரணத்தால், எந்தக் கட்டத்தில் நின்று பார்த்தாலும் அந்த ஒரு கட்டத்து நெல் அதற்கு முன்னால் உள்ள எல்லாக் கட்டங்களின் மொத்தத்தையும்விட ஒன்று கூட.

கணிப்பான் இல்லாமல் இருபது இலக்கத்தையும் எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

63 தடவை இரட்டிக்கத் தேவையில்லை. 2இல் தொடங்கி ஆறு தடவை வர்க்கித்தால் போதும்: 4, 16, 256, 65,536, 4,294,967,296, அடுத்தது 2⁶⁴. முதல் நான்கும் வாய்க்கணக்கு, ஐந்தாவதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். ஆறாவதுதான் முறிக்கும். எண்ணை ஐந்தைந்து இலக்கமாக 42949, 67296 என்று பிரித்து, (அ + ஆ)² விரிவில் போட்டுச் செய்தோம். முதல் சுற்றில் வகுப்பில் பாதிப் பேருக்குப் பிழைத்தது.

பிழையைக் கண்டுபிடிக்க ஏழாம் வகுப்பில் படித்த இலக்கச் சுட்டியே உதவியது. 4,294,967,296 இன் இலக்கங்களைக் கூட்டினால் 58, பிறகு 13, பிறகு 4. அதை வர்க்கித்தால் 16, சுட்டி 7. ஆகவே விடையின் சுட்டியும் 7 ஆக வரவேண்டும். சரியான விடையின் (ஒன்றைக் கழிக்க முன், 2⁶⁴ இன்) இலக்கக் கூட்டுத்தொகை 88, பிறகு 16, பிறகு 7. வேறு சுட்டி வந்த கொப்பிகள் எல்லாம் திரும்பவும் பெருக்கப் போய்விட்டன.

இலக்கங்களின் எண்ணிக்கை மட்டும் வேண்டுமென்றால் மடக்கை போதும். 2 இன் மடக்கை 0.3010. 64 × 0.3010 என்பது 19.26, ஆகவே இருபது இலக்கம்.

என் போனில் 18446744073709600000 என்று வருகிறது. எது சரி?

போன் பொய் சொல்லவில்லை, களைத்துவிட்டது. விரிதாள் மென்பொருள்கள் பொதுவாக 15 இலக்கம்வரைதான் வைத்திருக்கும், மிச்ச இடத்துக்குப் பூச்சியம் போட்டு நிரப்பும். அதில் ஒன்றைக் கழித்தாலும் எண் அசையாது. ஒரு நெல்லின் வித்தியாசம் அதற்குத் தெரியாது. கொப்பியில் போட்ட கணக்குத்தான் சரி.

எவ்வளவு நெல் என்று புரியும்படி சொல்லுங்கள்.

இதைக் கேட்காத தகப்பன்மார் இல்லை. ஒரு பிள்ளையின் மாமா நகைக்கடையில் வேலை செய்கிறார். அந்தத் தராசில் ஆயிரம் நெல்லை நிறுத்துப் பார்த்தோம், 24 கிராமுக்குக் கொஞ்சம் கூட வந்தது. சம்பா என்றால் குறையும். கணக்குக்கு லேசாக ஆயிரத்துக்கு 25 கிராம் என்று வைத்துக்கொள்வோம்.

முதல் வரிசை எட்டுக் கட்டமும் சேர்ந்து 255 நெல், ஆறு கிராம் சொச்சம். குருவிக்குப் போடலாம். இரண்டாம் வரிசை முடிய ஒன்றரைக் கிலோ தாண்டும். மூன்றாம் வரிசை முடிய 419 கிலோ, அதாவது இருபது புசல். இதுவரை எந்த அரசனும் சிரித்துக்கொண்டே கொடுப்பான்.

பாதிப் பலகை, 32 கட்டம் முடிய 4,294,967,295 நெல். நிறை 107 தொன். ஏக்கருக்கு நூறு புசல் என்ற நல்ல விளைச்சலில் ஐம்பது ஏக்கர் வயல். முரசுமோட்டைப் பக்கம் அப்படி நிலமுள்ள குடும்பத்தைத் தேடித்தான் பிடிக்கவேண்டும், ஆனாலும் நடக்காத காரியம் இல்லை. கதை திரும்புவது 33ஆம் கட்டத்தில். அந்த ஒரு கட்டத்துக்கே இன்னொரு ஐம்பது ஏக்கர். அடுத்ததற்கு நூறு, பிறகு இருநூறு. இரண்டாம் பாதியில் இப்படி 32 கட்டம் இருக்கிறது.

முழுப் பலகைக்கு 46,000 கோடித் தொன்னுக்கு மேல். இலங்கை முழுவதும் நல்ல வருடமொன்றில் விளைவது 50 இலட்சம் தொன் அளவு. அந்தக் கணக்கில் தொண்ணூறாயிரம் வருடத்துக்கு மேல் காலபோகமும் சிறுபோகமும் செய்துகொண்டே இருக்கவேண்டும், ஒரு பிடி சோறும் சாப்பிடாமல்.

இன்னொரு விதமாகவும் பார்த்தோம். ஒரு கனமீட்டர் நெல் 580 கிலோ அளவில் இருக்கும். அப்படியானால் இந்த நெல்லின் கனவளவு ஏறத்தாழ 795 கன கிலோமீட்டர். கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா நான்கு மாவட்டமும் சேர்த்து 7,850 சதுர கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. காடு, குளம், ரோட்டு, வீடு என்று ஒன்றும் விடாமல் வன்னி முழுவதிலும் பரப்பினால் நெல் நூறு மீட்டர் உயரத்துக்கு நிற்கும். நல்ல வளர்ந்த பனை முப்பது மீட்டர். ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று பனை வைத்தாலும் மேலே வட்டுத் தெரியாது.

இந்த நெல்லை மூன்று பேர் சமமாகப் பிரிக்கலாமா? ஏழு பேர்?

மூன்று பேர் பிரிக்கலாம். இலக்கக் கூட்டுத்தொகை 87, அது மூன்றால் வகுபடும். ஒன்பதால் வகுபடாது. கடைசி இலக்கம் 5, ஆகவே ஐந்து பேரும் பிரிக்கலாம். ஏழு பேர் பிரித்தால் ஒரு நெல் மிஞ்சும். அதற்கு நீண்ட வகுத்தல் செய்யவேண்டாம். 8 ஐ ஏழால் வகுக்க மீதி 1. 8 என்பது 2³. ஆகவே 2³ இன் எந்த அடுக்குக்கும் மீதி 1. 2⁶³ என்பது 2³ ஐ 21 தடவை பெருக்கியது, அதற்கும் மீதி 1. 2⁶⁴ க்கு மீதி 2, நம் எண்ணுக்கு மீதி 1.

இதை வைத்து வகுப்பில் ஒரு கேள்வி போட்டேன். இன்று வெள்ளிக்கிழமை, இத்தனை நாள் கழித்து என்ன கிழமை? சனி. பிள்ளைகள் நம்பவே இல்லை.

இது முதன்மை எண்ணா?

இல்லை. (இந்தியப் புத்தகங்களில் பகா எண் என்று இருக்கும், அதுவும் இதுதான்.) ஐந்தில் முடியும்போதே முதன்மை எண் இல்லை என்று தெரிந்துவிட்டது. ஆனால் என்னென்ன காரணிகள் என்பதுதான் சுவையான இடம். எனக்குப் பிடித்த பகுதி இது, கொஞ்சம் பொறுமையாக வாருங்கள்.

இரு வர்க்கங்களின் வித்தியாசம் எல்லோருக்கும் தெரியும்: அ² − 1 = (அ − 1)(அ + 1). 2⁶⁴ என்பது 2³² இன் வர்க்கம். ஆகவே நம் எண் (2³² − 1)(2³² + 1). முதல் அடைப்பு மறுபடியும் அதே வடிவம், அதை மறுபடி உடைக்கலாம். அதற்குள் இருப்பதையும் உடைக்கலாம். வெங்காயம் உரிப்பதுபோல உரித்துக்கொண்டே போனால் கடைசியில் 2 − 1 வரும், அது 1. கையில் மிஞ்சுபவை இவை:

3 × 5 × 17 × 257 × 65,537 × 4,294,967,297

ஒவ்வொன்றும் முன்பு வர்க்கித்து வந்த எண்ணைவிட ஒன்று கூட: 2 + 1, 4 + 1, 16 + 1, 256 + 1, இப்படி. முதல் ஐந்தும் முதன்மை எண்கள். பிரெஞ்சுக்காரர் பெர்மா 1640இல் இவற்றைப் பார்த்துவிட்டு, இந்த வரிசையில் வருவது எல்லாமே முதன்மை எண்ணாகத்தான் இருக்கும் என்று எண்ணினார். ஐந்து தடவை சரி வந்த ஒன்று ஆறாவது தடவையும் சரிவரும் என்று யாருக்கும் தோன்றும். 1732இல் ஒயிலர் ஆறாவதை உடைத்தார்:

4,294,967,297 = 641 × 6,700,417

ஆகவே நம் எண்ணின் முழுக் காரணிப்படுத்தல் 3 × 5 × 17 × 257 × 641 × 65,537 × 6,700,417. ஏழும் முதன்மை எண்கள், ஒன்றும் இரண்டு தடவை வரவில்லை.

641ஐ எப்படித் தேடிப் பிடித்தார்? ஒவ்வொன்றாக வகுத்தாரா?

ஒவ்வொன்றாக வகுத்தால் 641க்கு முன்னால் நூறுக்கு மேற்பட்ட முதன்மை எண்களைத் தாண்டவேண்டும். அவ்வளவு தேவையில்லை. 2³² + 1 ஐ ஒரு முதன்மை எண் வகுக்கிறது என்று வையுங்கள். அப்போது 2³² க்கு மீதி −1, அதாவது ஒன்று குறைவு. 2⁶⁴ க்கு மீதி 1. ஆகவே 2, 4, 8, 16 என்று மீதிகளை எழுதிக்கொண்டு போனால் சரியாக 64 அடி நடந்தபின்தான் 1க்குத் திரும்பும். முதன்மை எண்ணைவிட ஒன்று குறைந்த அடுக்குக்கு மீதி 1 என்பது பெர்மாவின் தேற்றம். அப்படியானால் அந்த ஒன்று குறைந்த எண் 64 இன் மடங்காக இருக்கவேண்டும். அதாவது காரணி 64இன் மடங்கோடு ஒன்றைக் கூட்டிய எண்.

அப்படிப்பட்ட முதன்மை எண்கள் 193, 257, 449, 577, 641. ஐந்தாவது முயற்சியிலேயே அகப்பட்டுவிட்டது. பெர்மாவின் ஊகத்தை விழுத்திய கருவி பெர்மா அதே 1640இல் எழுதிய தேற்றம்தான். தன் கத்தியைத் தானே ஒரு தடவை எடுத்துப் பார்த்திருந்தால் போதும். எனக்கு அந்த மனிதரில் ஒரு பாசம் வந்தது இதற்குப் பிறகுதான்.

641 வகுக்கும் என்று வகுத்துப் பார்க்காமலே காட்ட முடியுமா?

முடியும், நாலு வரி. 641ஐ இரண்டு விதமாக எழுதலாம்: 5 × 2⁷ + 1, அதோடு 5⁴ + 2⁴. (640 + 1, 625 + 16. சரிபார்த்துக்கொள்ளுங்கள்.)

முதலாவதிலிருந்து, 641ஆல் வகுக்கும்போது 5 × 2⁷ இன் மீதி −1. இதை நாலாம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸ இன் மீதி 1. இரண்டாவதிலிருந்து, 5⁴ இருக்கிற இடத்தில் −2⁴ போடலாம். போட்டால் −2³² இன் மீதி 1. ஆகவே 2³² + 1 இன் மீதி பூச்சியம்.

இதைப் பலகையில் எழுதி முடித்தபோது பின்வாங்கில் இருந்த ஒருத்தி "சேர், பெருக்கவே இல்லையே!" என்றாள். அதுதான் விஷயம்.

6,700,417 முதன்மை எண் என்று எப்படித் தெரியும்?

அதன் வர்க்கமூலம் 2,588 அளவில். அதற்குள் காரணி இல்லாவிட்டால் முதன்மை எண். லூக்காஸ் 1878இல் மேலே சொன்ன விதியை இன்னும் இறுக்கினார்: காரணி 128இன் மடங்கோடு ஒன்றாகத்தான் இருக்கமுடியும். 2,588க்குள் அப்படிப்பட்ட முதன்மை எண்கள் ஐந்தே ஐந்து: 257, 641, 769, 1153, 1409. ஒன்றும் வகுக்காது. ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில் நீங்களே சரிபார்க்கலாம்.

மொத்தம் எத்தனை காரணிகள்?

128. ஏழு முதன்மை எண்களில் ஒவ்வொன்றையும் எடுக்கலாம் அல்லது விடலாம், 2⁷ வழிகள். 1உம் அந்த எண்ணும் இதற்குள் அடங்கும். இத்தனை காரணி இருந்தும் அவற்றின் கூட்டுத்தொகை (அந்த எண்ணை விட்டுவிட்டு) எண்ணைத் தொடாது, அதன் 70 வீதம் அளவோடு நின்றுவிடும்.

கவராயத்துக்கும் இந்த எண்ணுக்கும் ஏதோ தொடர்பு என்றீர்களே?

கேத்திர கணித அமைப்பில் கவராயமும் நேர்விளிம்பும் மட்டும் கொண்டு சமபக்க முக்கோணி, ஒழுங்கான ஐங்கோணி எல்லாம் வரைகிறோம். ஏழு பக்கம் வரையமுடியாது. 17 பக்கம் வரையலாம் என்று 1796இல் காவுஸ் காட்டினார், அப்போது அவருக்கு 18 வயது. பக்கங்களின் எண்ணிக்கை ஒற்றையாக இருந்தால், அது 3, 5, 17, 257, 65,537 போன்ற வெவ்வேறு பெர்மா முதன்மை எண்களின் பெருக்கமாக இருக்கவேண்டும். இந்த ஐந்தைத் தவிர வேறு பெர்மா முதன்மை எண் இன்றுவரை கிடைக்கவில்லை. ஐந்தையும் பெருக்கினால் 4,294,967,295. பாதிப் பலகை நெல்! கவராயத்தால் வரையலாம் என்று இன்று தெரிந்த ஒற்றைப் பக்கப் பல்கோணிகளில் பெரியது அதுதான்.

65,537 பக்கத்துக்கான வழியை ஹெர்மெஸ் என்ற ஜெர்மனியர் பத்து வருடம் இருந்து எழுதி 1894இல் முடித்தார். பரீட்சைக்கு நேரம் போதவில்லை என்று சொல்கிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது அவருடைய கதையைத்தான்.

இது வர்க்க எண்ணா?

இல்லை, அதைவிட மோசம். வன்னியில் பெரும்பாலும் வீசி விதைக்கிறோம், ஆனாலும் ஒரு பேச்சுக்கு இத்தனை நெல்லையும் நாற்றாக்கி, நீளமும் அகலமும் சமமான சதுரப் பாத்திகளில் வரிசையாக நடுவதாக வையுங்கள். ஒரு பாத்தியில் அடங்காது. இரண்டு பாத்தியாகப் பிரித்தாலும் அடங்காது, மூன்றாலும் முடியாது. எந்த வர்க்க எண்ணையும் 8ஆல் வகுத்தால் மீதி 0, 1, 4 இல் ஒன்றுதான். இவற்றில் மூன்றைக் கூட்டி 7 மீதி வரவைக்க முடியாது, செய்துபாருங்கள். நம் எண்ணை 8ஆல் வகுத்தால் மீதி 7. நாலு பாத்தி கட்டாயம் வேண்டும். நாலு போதும் என்பதை எல்லா எண்ணுக்கும் சேர்த்தே லக்ராஞ்சி 1770இல் நிறுவிவிட்டார்.

கணினி படிக்கும் மகன் இந்த எண் தனக்கும் தெரியும் என்கிறான். எப்படி?

துவித முறையில் எழுதினால் இது 64 ஒன்றுகள், இடையில் ஒரு பூச்சியமும் இல்லை. 64 பிட் இடத்தில் எழுதக்கூடிய மிகப் பெரிய முழு எண். அதில் இன்னும் ஒன்றைக் கூட்டினால், பழைய மோட்டார் சைக்கிள் மீற்றர் 99999இலிருந்து 00000க்குத் திரும்புவதுபோல எல்லாம் பூச்சியமாகிவிடும்.

சதுரங்கப் பலகையிலும் இதையே பார்க்கலாம். சில கட்டங்களைத் தெரிந்தெடுத்து அவற்றின் நெல்லை மட்டும் கூட்டினால் 1இலிருந்து இந்த எண்வரை எந்த எண்ணையும் வரவைக்கலாம், அதுவும் ஒவ்வொன்றுக்கும் ஒரேயொரு வழிதான். 1, 2, 4, 8, 16 கிலோப் படிக்கற்கள் ஐந்தை வைத்துக்கொண்டு 31 கிலோவரை எதையும் நிறுக்கலாம் என்பதும் இதே கணக்கு.

32 பிட் இடத்தில் அடையாளத்தோடு எண்ணினால் 2,147,483,647 உடன் முடிந்துவிடும். 1970 சனவரி 1 இலிருந்து விநாடிகளை அப்படி எண்ணிக்கொண்டிருக்கும் பழைய கருவிகளுக்கு 2038 சனவரி 19 அன்று இடம் முடியும். 64 பிட்டுக்கு மாறியவற்றுக்கு 29,000 கோடி வருடத்துக்கு மேல் கவலை இல்லை.

ஹனோய்க் கோபுரத்திலும் இதே எண் வருமாமே?

ஆம். ஒரு கம்பத்தில் அடுக்கிய தட்டுகளை, தடவைக்கு ஒன்றாக, பெரியது சிறியதன்மேல் வராமல், மூன்று கம்பங்களுக்குள் இன்னொன்றுக்கு மாற்றும் விளையாட்டு அது. ஒரு தட்டுக் கூடக்கூட நகர்த்தல்கள் இருமடங்கும் ஒன்றும் ஆகும். 64 தட்டுக்கு நம் எண். 1883இல் அந்த விளையாட்டை உண்டாக்கியவர் மேலே சொன்ன அதே லூக்காஸ். காசிக் கோவிலில் பூசகர்கள் தங்கத் தட்டுகளை நகர்த்துகிறார்கள், முடிந்தால் உலகம் முடியும் என்ற கதையும் விளையாட்டோடு சேர்ந்து வந்தது. காசியில் அப்படி ஒன்றும் இல்லை. விநாடிக்கு ஒரு தட்டு என்றால் 58,454 கோடி வருடம் எடுக்கும்.

வேறு கட்டத்தில் நிறுத்தியிருந்தால் முதன்மை எண் வந்திருக்குமா?

வந்திருக்கும். 2, 3, 5, 7, 13, 17, 19, 31 ஆம் கட்டங்களில் நிறுத்தினால் மொத்தம் முதன்மை எண். 11இல் நிறுத்தினால் 2047, அது 23 × 89. பலகைக்குள் கடைசி வாய்ப்பு 61ஆம் கட்டம்: 2,305,843,009,213,693,951. இது முதன்மை எண் என்று காட்டியவர் பெர்வூசின் என்ற ரஷ்யக் கிராமத்துப் பாதிரியார், ஆண்டு அதே 1883. கோபுரக் கதையின் பூசகர்கள் கற்பனை, இந்தப் பாதிரியார் உண்மை.

இப்போது உலகில் தெரிந்த மிகப் பெரிய முதன்மை எண்ணும் இந்த வகைதான். 2024 ஒக்டோபரில் கிடைத்தது. அதற்குப் பலகையில் 136,279,841 கட்டம் வேண்டும். இலக்கங்கள் மட்டும் 4 கோடியைத் தாண்டும்.

பலகையில் 128 கட்டம் இருந்தால்?

காரணிகளோடு இன்னொரு பெர்மா எண் சேரும், 2⁶⁴ + 1. அதுவும் முதன்மை எண் இல்லை: 274,177 × 67,280,421,310,721. இதை லாண்ட்ரி என்பவர் 1880இல் அறிவித்தபோது அவருக்கு வயது 82. அதற்குப் பிறகு வந்தவையும் ஒன்றொன்றாக விழுந்தன. அடுக்கு 2³² வரை உள்ள எதுவும் முதன்மை எண் இல்லை என்று தெரியும். அடுக்கு 2³³ ஆக இருப்பது எந்தப் பக்கம் என்று இன்னும் யாரும் தீர்க்கவில்லை.

இது சா/த (சாதாரண தர) பரீட்சையில் வருமா?

இந்த எண் வராது. பெருக்கல் விருத்தி, சுட்டி, மடக்கை, இரு வர்க்கங்களின் வித்தியாசம், துவித எண் என்று மேலே வந்ததெல்லாம் நீங்கள் பள்ளியில் படிக்கிறவைதான். மீதிக் கணக்கும் கூட்டல் பெருக்கல் தெரிந்தால் வரும். பயிற்சிக்கு ஒன்று தருகிறேன்: பாதிப் பலகை நெல்லை 641 பேருக்குச் சமமாகப் பங்கிட்டால் எத்தனை மிஞ்சும்? வகுக்காமல் செய்யவேண்டும். விடை 639.